அம்பாசடரின் பின்பக்கப் பட்டைப் புஷ்களை வீட்டிலேயே மாற்ற முடியுமா?

உங்களிடம் இருப்பது 1984ஆம் ஆண்டின் அம்பாசடர் மார்க் 4. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பின்பக்கம் ‘டொக்’கென்று அடிக்கிறது; நெடுஞ்சாலையில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் வண்டியின் பின்பகுதி தானாக ஒரு பக்கம் நகர்வது போலிருக்கிறது; ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றியும் குணமில்லை; பட்டை ஸ்பிரிங்கைப் பாடியோடு இணைக்கும் இடத்திலுள்ள ரப்பர் புஷ் போயிருக்கும் என்கிறார்கள், அதை வீட்டில் வைத்தே மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றலாம். துணைக்கு ஓர் ஆள், ஒரு சனி ஞாயிறு, உறுதியான ஸ்டாண்டுகள் இரண்டு, பக்கத்தில் ஒரு லேத் பட்டறை இருந்தால் போதும். ஆனால் இந்த வேலையைக் கெடுப்பவர்களில் பெரும்பாலோர் கழற்றும்போது கெடுப்பதில்லை. எல்லாவற்றையும் ஒழுங்காகப் பூட்டிவிட்டு, கடைசி நட்டைத் தவறான நேரத்தில் இறுக்கிக் கெடுக்கிறார்கள். அது ஏன் என்பது புரிய, அந்தப் புஷ் எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அம்பாசடரின் பின்பக்க அமைப்பு அதன் மூலமான மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரிலிருந்து வந்தது. மேற்கு வங்கத்தின் உத்தரபாரா ஆலையில் 2014இல் உற்பத்தி நிற்கும் வரை அதன் அடிப்படை மாறவில்லை. பின்சக்கரங்களுக்கு இன்ஜினின் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலோடு கூடிய ஒரே துண்டு ஹவுசிங்கை (பின் அச்சின் கூட்டை), பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பட்டை ஸ்பிரிங்குகள் தாங்குகின்றன. பட்டையின் முன் கண் (வளையமாகச் சுருட்டிய முனை) பாடியோடு ஒரு போல்ட்டால் நேரடியாகப் பிணைக்கப்பட்டிருக்கிறது. பின் கண் ஷாக்கிள் எனப்படும் ஊசலாடும் இணைப்பில் தொங்குகிறது. சுமை ஏறும்போது வளைந்த பட்டை நிமிர்ந்து நீளும் என்பதால், அந்த நீளத்துக்கு இடம் கொடுக்கவே பின்பக்கம் ஷாக்கிள் வைத்திருக்கிறார்கள். இதன் விளைவு முக்கியமானது: சக்கரம் வண்டியை முன்னே தள்ளும் விசையும், பிரேக் பிடிக்கும்போது பின்னே இழுக்கும் விசையும் முழுவதுமாகப் பட்டையின் முன்பாதி வழியாக, அந்த முன் கண்ணின் புஷ்ஷின் மூலம்தான் பாடிக்குப் போகின்றன. ஆகவே நீங்கள் சொன்ன இரண்டு கோளாறுகளும் இரண்டு வெவ்வேறு இடங்களைக் காட்டக்கூடும். வேகத்தடையில் கேட்கும் ‘டொக்’ ஷாக்கிள் ரப்பர்களிலிருந்து வரலாம். மிதித்தால் ஒரு பக்கமும் விட்டால் மறுபக்கமும் பின்பகுதி நகர்வது, ஒரு பக்க முன் புஷ் தேய்ந்து ஹவுசிங் சற்றே கோணலாகத் திரும்புவதன் அடையாளம். ஷாக் அப்சார்பரை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது.

முன் கண்ணில் இருப்பதைத்தான் மெக்கானிக்குகள் சைலன்ட் பிளாக் என்கிறார்கள். வெளியே ஓர் இரும்புக் குழாய், உள்ளே ஓர் இரும்புக் குழாய், இரண்டுக்கும் நடுவே இறுகப் பிடித்த ரப்பர். வெளிக்குழாய் பட்டைக் கண்ணுக்குள் அழுத்தி ஏற்றப்பட்டு அசையாமல் நிற்கிறது. உள்குழாயை போல்ட்டும் நட்டும் இரு பக்கத்துத் தகடுகளுக்கு நடுவே நெருக்கிப் பிடிப்பதால் அதுவும் அசையாது. அப்படியானால் பட்டை எப்படி ஏறி இறங்குகிறது? நடுவிலுள்ள ரப்பர் முறுக்கிக்கொண்டு இடம் கொடுக்கிறது. இங்கே எதுவும் சுழல்வதில்லை, எதுவும் உரசுவதில்லை. ஆகவே கிரீஸுக்கும் வேலையில்லை. இதில் கிரீஸ் அடிப்பவர்களும் பழைய இன்ஜின் ஆயிலைத் தெளிப்பவர்களும் சத்தத்தைச் சில நாள் அடக்குகிறார்கள். அதற்குள் இயற்கை ரப்பர் எண்ணெயைக் குடித்து உப்பி, மென்மையாகி, குழாயிலிருந்து பிரிந்துவிடும்.

கழற்றுவதற்கு முன் சோதித்துப் பாருங்கள். சமதளத்தில் ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்துவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, துணைக்கு நிற்பவரை வண்டியை முன்னும் பின்னுமாக உலுக்கச் சொல்லுங்கள். ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கிறது என்பதால் சக்கரமும் ஹவுசிங்கும் நிற்க, பாடி மட்டும் அசைய முயலும். நீங்கள் பக்கவாட்டில் குனிந்து டார்ச் வெளிச்சத்தில் முன் கண்ணின் போல்ட் தலையைக் கவனியுங்கள். நல்ல புஷ்ஷில் போல்ட்டும் கண்ணும் சேர்ந்தே மிகச் சிறிதாக நெளியும். போன புஷ்ஷில் போல்ட் தனியாக முன்னும் பின்னும் போய்வருவது கண்ணுக்குத் தெரியும், கையை வைத்தால் தட்டுவதும் தெரியும். இன்ஜினை ஓடவிட்டு கிளட்ச்சைத் தளர்த்தி இதே சோதனையைச் செய்பவர்கள் உண்டு. கீழே ஆள் குனிந்திருக்கும்போது அதைச் செய்யாதீர்கள். புஷ்ஷைச் சுற்றி மிளகாய்த்தூள் போன்ற செம்பழுப்புப் பொடி படிந்திருந்தால், உள்ளே இரும்போடு இரும்பு உரசிக்கொண்டிருக்கிறது என்று பொருள். உள்குழாய் கண்ணின் மையத்திலிருந்து விலகி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தாலும் ரப்பர் முடிந்துவிட்டது.

அதே நேரத்தில் வேறு இரண்டையும் பார்த்துவிடுங்கள். ஹவுசிங்கைப் பட்டையோடு கட்டியிருக்கும் யூ போல்ட்டுகள் தளர்ந்திருந்தாலும், பட்டைகளை ஒன்றாகக் கோத்திருக்கும் சென்டர் போல்ட் அறுந்திருந்தாலும் இதே கோளாறுகள் அப்படியே வரும். சென்டர் போல்ட் அறுந்த வண்டியில், முன் கண் போல்ட்டின் மையத்திலிருந்து ஹவுசிங் வரையுள்ள தூரம் இடது வலது இரண்டிலும் வேறுபடும். டேப் வைத்து அளந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். முன் கண் பூட்டப்பட்டிருக்கும் பாடித் தகட்டை ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரால் நன்றாகக் குத்திப் பாருங்கள். அம்பாசடருக்குத் தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடியே சேஸிஸ். அந்த இடம் துருப்பிடித்துப் பொத்தலாகியிருந்தால் முதலில் வெல்டிங், பிறகுதான் புஷ்.

உதிரிப்பாகத்தைப் பொறுத்தவரை, விலையைவிட அளவையும் ரப்பரின் வயதையும் பாருங்கள். சைலன்ட் பிளாக்கின் உள்குழாய் வெளிக்குழாயைவிட இருபுறமும் சற்று நீண்டிருக்க வேண்டும். அப்போதுதான் தகடுகள் உள்குழாயை மட்டும் கவ்வும், பட்டைக் கண்ணை உரசா. ரப்பர் கடை அலமாரியில் இருந்தபடியே முதுமையடையும் பொருள். நகத்தால் அழுத்திப் பார்த்து, மேற்பரப்பில் முடி போன்ற வெடிப்புகள் தெரிந்தால், அது எவ்வளவு அசலான பழைய சரக்கு என்று சொன்னாலும் வாங்காதீர்கள். ஷாக்கிளுக்கு விளிம்பு வைத்த அரைப் புஷ்கள் வரும். கண்ணின் இருபுறத்திலிருந்தும் ஒவ்வொன்றாக நுழையும் வகை. கழற்றியதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவதே பாதுகாப்பானது.

பாலியூரித்தேன் புஷ் போடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது உங்களிடம் கட்டாயம் சொல்வார்கள். அது முறுக்கிக்கொள்வதில்லை, உள்குழாயின் மேல் சுழல்கிறது. அதனால் அதற்கென்றே உள்ள சிலிகான் கிரீஸ் தேவை, அது காய்ந்தால் கிறீச்சிடும். மேலும் வண்டி வளைவில் சாயும்போது பட்டைக் கண் பக்கவாட்டிலும் சிறிது திருக வேண்டியிருக்கிறது. மென்மையான ரப்பர் அதற்கு விட்டுக்கொடுக்கும், கெட்டியான பாலியூரித்தேன் முரண்டு பிடிக்கும். ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு குலதெய்வம் கோயிலுக்குப் போகும் வண்டிக்கு ரப்பரே போதும் என்பது என் கருத்து.

கருவிகளில் ஒரே ஓர் எச்சரிக்கை. இந்த வண்டியின் போல்ட்டுகள் பெரும்பாலும் அங்குல அளவு. முக்கால் அங்குலம் என்பது 19.05 மி.மீ.; ஆகவே 19 ஸ்பேனர் அதில் சரியாக உட்காரும். ஆனால் பதினாறில் ஒன்பது அங்குலம் 14.29 மி.மீ.; அதற்கு 14 நுழையாது, 15 போட்டால் துருப்பிடித்த நட்டின் முனைகள் மழுங்கிவிடும். முன்பு யாராவது மாற்றிய நட்டு மில்லிமீட்டரிலும் இருக்கலாம் என்பதால் ஒவ்வொன்றையும் பொருத்திப் பார்த்தே அழுத்தம் கொடுங்கள். வேலைக்கு மூன்று நாட்களுக்கு முன்பே எல்லா நட்டுகளிலும் துரு இளக்கும் எண்ணெயைக் காலையும் மாலையும் விட்டு வாருங்கள். புதிய ரப்பர் வரப்போவதால் இப்போது எண்ணெய் படுவதில் தவறில்லை; பிறகு துடைத்துவிட வேண்டும். கேஸ் வைத்துச் சூடாக்குவதைத் தவிருங்கள். பெட்ரோல் டேங்க் பின்பக்கம்தான் இருக்கிறது; அதுவுமின்றி, பட்டை எஃகைப் பழுக்கக் காய்ச்சினால் அதன் பதம் போய்விடும்.

முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டையால் அண்டை கொடுங்கள். டிஃபரன்ஷியலுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கி, பட்டையின் முன் பூட்டுக்குச் சற்று முன்னால், பாடியின் உறுதியான பகுதியில் ஸ்டாண்டுகளை நிறுத்துங்கள். செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ வேண்டவே வேண்டாம். சுமை ஓரிடத்தில் குவிந்தால் அவை எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நொறுங்கும். பிறகு ஜாக்கியை மெல்ல இறக்கி, ஹவுசிங் ஜாக்கியின் மேல் லேசாக உட்கார்ந்திருக்கும்படி நிறுத்துங்கள். பாடியிலிருந்து ஹவுசிங்குக்குப் போகும் பிரேக் ஹோஸில் ஹவுசிங்கின் எடை தொங்கக் கூடாது.

ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் ஹவுசிங் அந்தரத்தில் தொங்கும் சுமையாகிவிடும். ஒரு பக்கம் பூட்டியிருந்தால் அதுவே மறுபக்கத்துக்கு வழிகாட்டியாக நிற்கும், எந்த வாஷர் எங்கே இருந்தது என்ற சந்தேகத்துக்கும் பதில் சொல்லும். சக்கரத்தை எடுத்துவிட்டு, ஷாக் அப்சார்பரின் கீழ் இணைப்பைக் கழற்றி, யூ போல்ட் நட்டுகள் நான்கையும் எடுத்து, ஹவுசிங்கைப் பட்டையிலிருந்து ஓரங்குலம் உயர்த்துங்கள். அடுத்து ஷாக்கிள், கடைசியாக முன் கண் போல்ட். பட்டைக் கட்டு கனமானது. போல்ட்டை உருவும்போது துணையாள் அதைப் பிடித்திருக்க வேண்டும்.

பெரும்பாலான நாற்பது வயது வண்டிகளில் இந்த முன் போல்ட்தான் மதியம் வரை நேரத்தைத் தின்னும். நட்டு கழன்றுவிடும், ஆனால் போல்ட் உள்குழாயோடு துருவால் ஒட்டியிருக்கும். சுத்தியலால் அடித்தால் ரப்பர் நெளிந்து அடியை விழுங்கிக்கொள்ளும், போல்ட் நகராது. போல்ட்டின் தலையை ஸ்பேனரால் முன்னும் பின்னும் திருகி உள்குழாயிலிருந்து பிரிக்கப் பாருங்கள். பிரியாவிட்டால் கண்ணுக்கும் தகட்டுக்கும் இடையே ஹாக்சா பிளேடை நுழைத்து, இருபுறமும் போல்ட்டை அறுத்துவிடுங்கள். புதிய போல்ட்டின் விலை உங்கள் அரைநாளைவிடக் குறைவு. அதே தரத்திலான ஹைடென்சில் (அதிக வலுவுள்ள எஃகு) போல்ட்டாக வாங்க வேண்டும்.

பட்டையை வைஸில் பிடித்தபின், பழைய சைலன்ட் பிளாக்கை வெளியே தள்ளுவதற்குத் தடித்த நீளமான போல்ட் ஒன்று, வெளிக்குழாயின் விட்டத்துக்குச் சற்றே குறைவான தள்ளுகட்டை ஒன்று, மறுபுறம் புஷ் முழுதும் உள்ளே இறங்கும் அகலத்தில் குழாய்த்துண்டு ஒன்று, தடித்த வாஷர்கள் ஆகியவை போதும். இவற்றை லேத் பட்டறையில் கடைந்து வாங்கிக்கொள்ளலாம். அல்லது பட்டையையே பட்டறைக்கு எடுத்துப்போய் பிரஸ்ஸில் கொடுத்துவிடலாம், அதில் எந்தக் குறைவும் இல்லை. அப்படியும் நகராத புஷ்ஷுக்கு, முதலில் ரப்பரில் நெருக்கமாக டிரில் போட்டு உள்குழாயை எடுத்துவிட்டு, ஹாக்சா பிளேடைக் கண்ணுக்குள் கோத்து வெளிக்குழாயை மட்டும் நீளவாக்கில் அறுங்கள். குழாயின் தகடு மெல்லியது. அறுபடும் சத்தம் மாறியவுடன் நிறுத்திவிட வேண்டும். பிளேடு கண்ணின் உட்புறத்தைக் கீறிவிட்டால், மெயின் பட்டை பின்னாளில் அந்தக் கீறலிலிருந்துதான் ஒடியும். அறுத்த குழாயைச் சிறு உளியால் உட்பக்கமாக மடக்கினால் தானே கழன்று வரும். ரப்பரைக் கொளுத்தி எடுக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அந்தப் புகை உங்களுக்கு ஆகாது, அந்தச் சூடு பட்டைக்கு ஆகாது.

கண்ணின் உட்புறத்தை உப்புத்தாளால் துருப் போகத் தேய்த்து, புதிய புஷ்ஷைக் கையால் நுழைத்துப் பாருங்கள். நுழையக் கூடாது. கையால் தள்ளியே உள்ளே போகிறதென்றால் கண் விரிந்துவிட்டது. லாரிகளுக்குப் பட்டை அடிக்கும் பட்டறையில் கொடுத்துக் கண்ணைச் சரிசெய்ய வேண்டும், அல்லது மெயின் பட்டையை மாற்ற வேண்டும். பசை போட்டும் தகடு சொருகியும் ஒப்பேற்றாதீர்கள்.

புஷ்ஷை இரவு முழுவதும் ஃப்ரீசரில் வைத்தால் சுருங்கி எளிதாக நுழையும் என்று சொல்வார்கள். எஃகு ஒரு டிகிரி செல்சியஸுக்குத் தன் அளவில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் 12 பங்கு சுருங்கும், 35 மி.மீ. விட்டமுள்ள குழாய் ஒன்றை 50 டிகிரி குளிர்வித்தால் கிடைப்பது 0.02 மி.மீ. இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் நம்பியிருக்கும் அளவுக்கும் இல்லை. அதைவிட, கண்ணின் விளிம்பை அரத்தால் லேசாகச் சாய்வாக்கி, புஷ்ஷின் வெளிப்புறத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, முதல் கால் அங்குலம் நேராக இறங்குகிறதா என்பதில் கவனம் வைப்பது பெரிய உதவி. அழுத்தம் முழுவதும் வெளிக்குழாயின் விளிம்பில்தான் விழ வேண்டும். உள்குழாயைத் தள்ளினால் ரப்பர் போடும்போதே கிழிந்துவிடும்.

ஷாக்கிளின் அரைப் புஷ்கள் அதிகம் பேச வேண்டாதவை. பக்கத்துக்கு நான்கு இருக்கும்: பட்டையின் பின் கண்ணில் இரண்டு, பாடித் துளையில் இரண்டு. துளைகளைச் சுத்தம் செய்து, சோப்புத் தண்ணீரில் நனைத்துக் கட்டைவிரலால் அழுத்தினால் உட்கார்ந்துவிடும். ஷாக்கிள் பின்னின் (pin) தண்டில் ரப்பர் படும் இடம் அரித்துப் பள்ளம் விழுந்திருந்தால் பின்னையும் மாற்றுங்கள். பள்ளம் விழுந்த ஷாக்கிள் பின் புது ரப்பரைச் சில மாதங்களில் தின்றுவிடும்.

பட்டையைத் திரும்ப ஏற்றும்போது முன் போல்ட்டின் தண்டில் மட்டும், ரப்பரில் படாமல், செப்பு கலந்த கிரீஸை மெல்லியதாகப் பூசுங்கள். அடுத்த முறை ஹாக்சாவுக்கு வேலை இருக்காது. ஹவுசிங்கை இறக்கும்போது சென்டர் போல்ட்டின் தலை அதற்குரிய குழியில் சரியாக உட்கார்ந்ததை விரலால் தடவி உறுதிசெய்த பிறகு, யூ போல்ட் நட்டுகளைக் குறுக்குமறுக்காகச் சிறிது சிறிதாக, சர்வீஸ் புத்தகத்தில் சொன்ன டார்க் (முறுக்கு விசை அளவு) வரை இறுக்குங்கள். முன் கண் நட்டையும் ஷாக்கிள் நட்டுகளையும் இந்தக் கட்டத்தில் வாஷரைத் தொடும் அளவுக்கு மட்டுமே கையால் ஏற்றி விட்டுவிடுங்கள்.

இனிதான் தொடக்கத்தில் சொன்ன அந்த நட்டு. வண்டி ஸ்டாண்டின் மேல் இருக்கும்போது ஹவுசிங் தொங்குகிறது. சாலையில் நிற்கும் நிலையைவிட அது 10 செ.மீ. தாழ்ந்திருப்பதாகக் கொள்ளுங்கள். பட்டையின் முன்பாதி 60 செ.மீ. என்றால், முன் கண் கிட்டத்தட்ட 10 டிகிரி திரும்பிய நிலையில் நிற்கிறது. அந்த நிலையில் நட்டை இறுக்கினால், அந்தக் கோணத்தையே ரப்பர் தன் ஓய்வு நிலையாக எடுத்துக்கொள்ளும். வண்டியைத் தரையில் இறக்கியவுடன் ரப்பர் 10 டிகிரி முறுக்கப்பட்டு, வீட்டு வாசலில் சும்மா நிற்கும்போதும் இரவும் பகலும் அப்படியே திருகிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் அதற்கு மேலும் முறுக்கு ஏறும். நான் முதன்முதலில் இந்த வேலையைச் செய்தபோது, படுத்துக்கொண்டு ஸ்பேனர் போட வசதியாக இருக்கிறதே என்று வண்டி உயரத்தில் இருக்கும்போதே எல்லாவற்றையும் இறுக்கிவிட்டேன். ஐந்தாவது மாதம் பழைய ஆட்டம் திரும்பி வந்தது. கழற்றிப் பார்த்தால், ரப்பர் உள்குழாயைச் சுற்றிக் கத்தியால் வெட்டியது போல வட்டமாகக் கிழிந்திருந்தது. மீதி ரப்பர் புத்தம் புதிதாக இருந்தது. ‘டூப்ளிகேட் சரக்கு’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் கிழிந்த வட்டத்தைப் பார்த்துவிட்டு, “தூக்கி வச்சே டைட் பண்ணீங்களா சார்?” என்று ஒரே கேள்வி கேட்டார்.

ஆகவே சக்கரங்களைப் பூட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, பின் பம்பரை அழுத்தி நாலைந்து முறை குதிக்கவிட்டு, நியூட்ரலில் சில அடி முன்னும் பின்னும் உருட்டுங்கள். பிறகு முன்சக்கரங்களுக்கு மறுபடி அண்டை கொடுத்துவிட்டு, வண்டியின் எடை முழுதும் சக்கரங்களின் மேல் இருக்கும் நிலையில் முன் கண் நட்டையும் ஷாக்கிள் நட்டுகளையும் இறுக்குங்கள். அடியில் நுழைய இடம் போதாவிட்டால், ஸ்டாண்டுகளைப் பாடிக்கு அடியிலிருந்து எடுத்து ஹவுசிங்குக்கு அடியில், சக்கரங்களுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் வைத்தாலும் அதே நிலை கிடைக்கும். பட்டை சாலையில் இருப்பது போலவே சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

ஐம்பது கிலோமீட்டர் ஓட்டியபின் யூ போல்ட்டுகளையும் சக்கர நட்டுகளையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். யூ போல்ட்டை ஐந்நூறிலும் ஒருமுறை. வண்டியின் பின்பகுதி நகர்வது முதல் ஓட்டத்திலேயே நின்றிருக்கும். ‘டொக்’ மட்டும் மிச்சமிருந்தால், புதிய ஷாக் அப்சார்பரின் மேல் கீழ் ரப்பர்களையும் சைலன்ஸர் குழாயைத் தொங்கவிடும் பட்டையையும் பாருங்கள். சத்தம் வேகத்தடையில் வராமல் கியரைப் போட்டு கிளட்ச் விடும் கணத்தில் மட்டும் வருகிறதென்றால், கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ்களை (மூட்டுகளை)க் கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள்.